மெர்ல் கேட்லின் முதல்முறை கையெழுத்துப் போட்ட கதை

மெர்ல் கேட்லின் ஒரு தேர்தல் விடாமல் ஓட்டுப் போடுகிறவர் என்று பிட்டர்க்ரீக் ஊரே சொல்லும். அவரும் அதைச் சொல்லிக்கொள்ளாமல் இருக்கிற ஆள் இல்லை. தீவனக் கடையில் காப்பியை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் போதும், "ஓட்டுப் போடாதவன் ரோடு சரியில்லேன்னு வாயே திறக்கக் கூடாது" என்று ஆரம்பித்துவிடுவார். அறுபத்தெட்டு வயதில் அந்தப் பேச்சை எத்தனை ஆயிரம் தடவை பேசியிருப்பாரோ! ஆனால் ஒன்று. தபாலில் ஓட்டுப் போடும் முறை வந்த நாளிலிருந்து அந்த மனிதர் ஓட்டுச்சீட்டைக் கையால் தொட்டது கிடையாது.

இதில் அவரை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. அமெரிக்காவின் கிழக்கு ஓரிகனில் வாய்க்காலில் தண்ணீர் விடுகிற நேரமும், கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி தேர்தல் சீட்டு தபாலில் வருகிற நேரமும் ஒன்றுதான். மே மாதம் பிறந்தால் மெர்ல் விடிவதற்கு முன் குதிரைமசால் தீவனம் விளையும் வயலில் இறங்கி, சக்கரம் வைத்த தண்ணீர்க் குழாய்களை நகர்த்திவிட்டு, பொழுது சாய வீட்டுக்கு வருவார். முழங்கை வரை சேறு. அவர் சமையலறைத் தொட்டியில் கை கழுவுவார். அவருக்குப் பின்னால் மேசையில் அவர் மனைவி அயோனா கரண்ட் பில், வரிக் காகிதம், டிராக்டர் தவணை எல்லாவற்றையும் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நடுவில் ஓட்டுச்சீட்டும் கிடக்கும்.

"ஷெரீஃபுக்கு யாரு?" என்பாள்.

"பழைய ஆளுக்கே போடு."

"பள்ளிக்கூட வரி?"

"வேண்டாம்னு போடு. போன வருஷம்தானே ஏத்துனாங்க!"

அவள் கறுப்பு மையில் வட்டத்தை நிரப்புவாள். சீட்டை உள்ளுறையில் போடுவாள், உள்ளுறையை வெளியுறையில் போடுவாள், வெளியுறையின் முதுகில் 'மெர்ல் கேட்லின்' என்று கையெழுத்தும் போடுவாள். செக்கிலும் அவள்தான், வரிப் படிவத்திலும் அவள்தான். அந்தக் குடும்பத்தில் எழுத்து என்றால் அயோனா, சேறு என்றால் மெர்ல். அப்படித்தான் நாற்பத்து மூன்று வருஷம் ஓடியது. சட்டம் இதற்கு வேறு பேர் வைத்திருக்கிறது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அடுத்தவர் கையெழுத்தைப் போடுவது குற்றம் என்று உறையின் முதுகிலேயே தடித்த எழுத்தில் அச்சடித்திருக்கிறதே, தெரியாமல் என்ன!

அந்த வருஷம் மே மாதம்தான் வம்பு வந்தது. அயோனாவின் தம்பி டுவைட், வட்டாரத்து ரோடு பாலமெல்லாம் பார்க்கிற கவுண்டி கமிஷனர் பதவிக்கு நின்றான். அந்தக் கவுண்டியில் ஒரு கட்சிதான் செல்லுபடி. நவம்பர் தேர்தல் வெறும் சடங்கு. மே மாதப் பிரைமரியில் எவர் ஜெயிக்கிறாரோ அவர்தான் கமிஷனர். டுவைட் எட்டு வருஷத்துக்கு முன்பும் இதே பதவிக்கு நின்றான். ஸ்பென்சர் என்ற ஆளிடம் ஒரே ஒரு ஓட்டில் தோற்றான். ஒன்று! இரண்டு தடவை திரும்ப எண்ணிப் பார்த்தார்கள், இரண்டு தடவையும் அதே ஒன்றுதான். அன்றிலிருந்து டுவைட் எந்த வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் பேச்சு அங்கேதான் போய் நிற்கும். "எவனோ ஒருத்தன். என் கூட சிரிச்சிப் பேசிட்டு, வீட்டுக்குப் போய் எனக்குக் குழி வெட்டியிருக்கான்." அதைச் சொல்லிச் சொல்லி ஊரில் பாதிப் பேரைச் சந்தேகப்பட்டு முடித்துவிட்டான்.

மெர்லுக்கு அந்தப் பேச்சு உறுத்தியதே இல்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் இதே தொட்டியில் கை கழுவிக்கொண்டே, "உன் தம்பிக்கு வேண்டாம், ஸ்பென்சருக்குப் போடு, உன் தம்பிக்கு ரோடு பத்தி ஒரு மண்ணும் தெரியாது" என்று அவர் சொன்னது வாஸ்தவம்தான். ஆனால் எந்த அக்கா கேட்பாள்? தன் சீட்டு, புருஷன் சீட்டு இரண்டிலும் தம்பி பேரையே நிரப்பியிருப்பாள் என்று அவரே முடிவு கட்டிவிட்டார். கேட்கவில்லை. டுவைட் புலம்பும்போதெல்லாம் உருளைக்கிழங்கை எடுத்து வைத்துக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிட்டார்.

இந்தத் தடவையும் டுவைட் பக்கம் நிற்க அவருக்கு மனசில்லை. எதிர்த்து நின்ற கொரின் ப்ராட்டர் ஓடைப் பாலத்தைச் சரிசெய்வேன் என்று சொன்னாள். அந்தப் பாலம் பாரம் தாங்காது என்று பலகை மாட்டிவிட்டதால் மெர்லின் தீவன லாரி இருபத்திரண்டு மைல் சுற்றிக்கொண்டு போகிறது. டுவைட்டோ பாலத்தைப் பற்றிக் கேட்டால் "பாப்போம்" என்றான். பாப்போம் என்று சொல்கிறவன் என்றைக்குப் பார்த்தான்?

தீவனக் கடைக்கார ஆர்லோதான் திரியைக் கொளுத்திப் போட்டான்.

"அப்ப உன் ஓட்டு கொரினுக்கா?"

"பின்ன?"

"வீட்டு வாசல்ல டுவைட் பேரப் போட்ட பலகை நிக்குது. சீட்ட நிரப்புறது யாரு? என் வீட்டுல நடக்கிறதுதான் உன் வீட்டுலயும் நடக்கும். நீ கத்துற, அவ நிரப்புறா. நீ கத்தினதத்தான் நிரப்பினாளான்னு உனக்கு எப்படிய்யா தெரியும்?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மெர்லும் சிரித்தார். ஆனால் வண்டியில் ஏறிய பிறகு அந்தக் கேள்வி அவரை விடவில்லை. கோபம் ஒன்றும் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற அரிப்பு. இத்தனை வருஷம் 'மெர்ல் கேட்லின்' என்ற பேரில் ஒருவர் ஓட்டுப் போட்டிருக்கிறாரே, அந்த ஆள் யாருக்கு ஆதரவு, யாருக்கு எதிர்ப்பு? தனக்கும் அவருக்கும் ஒத்துப்போகுமா? குழாயை நகர்த்தும்போது இதே யோசனை, டிராக்டரில் இதே யோசனை. ஒரு வரிசைக்கு இரண்டு தடவை தண்ணீர் விட்டுவிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்று சாயங்காலம் கை கழுவிவிட்டு மேசைக்கு வந்து நின்றார்.

"என் சீட்டக் குடு. நானே போடுறேன்."

அயோனா கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தாள். "உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"என் ஓட்டு. நான் போடக்கூடாதா?"

"தாராளமா. இந்தா பேனா. சட்டையில தொடைக்காத, கறை போகாது."

அடேயப்பா, அந்தச் சீட்டு! ஷெரீஃப், கமிஷனர் இரண்டு பேரும் போக, பெயர்ப் பட்டியல் பின்பக்கமும் ஓடியது. பொருளாளர் பதவிக்கு ஒரே ஒரு பெயர், எதிர்ப்பே இல்லை. நீதிபதிக்கும் அப்படியே. கட்சிக்குத் தெருவாரியாக ஆள் தேர்ந்தெடுக்க ஒரு கட்டம். அதில் யாரும் நிற்கவில்லை, நீங்களே ஒரு பேர் எழுதுங்கள் என்று வெற்றுக் கோடு. மெர்ல் வாயைப் பிளந்துகொண்டு படித்தார்.

"அயோனா, இதுல ஒரு ஆள்தான் நிக்குறான். அவனுக்கு எதுக்கு ஓட்டு?"

"உன் ஓட்டு. நீயே பாத்துக்க."

"நீ என்ன பண்ணுவே?"

"சொல்லமாட்டேன்."

பரீட்சை எழுதுகிற பையன் மாதிரி இடது கையை வளைத்து மறைத்துக்கொண்டு ஒவ்வொரு வட்டமாக நிரப்பினார். முக்கால் மணி நேரம் பிடித்தது. கொரின் ப்ராட்டருக்கு நேரே உள்ள வட்டத்தை மட்டும் காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்தினார். உள்ளுறை, வெளியுறை, கடைசியில் கையெழுத்து. ஒரு பெரிய 'எம்', அதற்குப் பின்னால் முள்கம்பி வேலி மாதிரி ஒரு கோடு. மறுநாள் அவரே வண்டியை எடுத்துக்கொண்டு போய், நீதிமன்ற வாசலில் இருக்கும் ஓட்டுப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தார். இரண்டு நாளைக்கு மனிதரின் நடையே வேறாக இருந்தது.

தேர்தல் முடிந்தது. டுவைட் இரண்டு ஓட்டு முன்னால் நின்றான். கையெழுத்துத் தகராறில் ஐந்து உறைகள் பிரிக்கப்படாமல் கிடக்கின்றன, அதைப் பார்த்த பிறகுதான் முடிவு என்று தேர்தல் அலுவலகம் சொல்லிவிட்டது. எந்த ஐந்து பேரோ என்று ஊரே பேசியது. மெர்லும் பேசினார். "கையெழுத்துக்கூட ஒழுங்காப் போடத் தெரியாதா இவனுங்களுக்கு?" என்றுகூடக் கேட்டார்.

மறுநாள் கடிதம் வந்தது. உங்கள் உறையில் உள்ள கையெழுத்து எங்கள் பதிவில் உள்ள கையெழுத்தோடு பொருந்தவில்லை, வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் சரிசெய்யாவிட்டால் ஓட்டு எண்ணப்படாது.

"நான் நான் இல்லையாம்!" என்று மெர்ல் கத்தினார். "என் கையால நான் போட்டது செல்லாதாம்!"

அயோனா கடிதத்தை வாங்கிப் படித்தாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "யோவ், தபால் ஓட்டு வந்தப்ப அவங்ககிட்ட பதிஞ்ச கார்டுல கையெழுத்துப் போட்டது யாரு? நான்தானே! நீ வந்து போட்டா அது கள்ளக் கையெழுத்தாத்தான் தெரியும்!" சிரித்து முடித்ததும் அவள் முகம் வெளுத்தது. "மெர்ல், அங்க போய் எதையாவது உளறி வைக்காத. என்னய உள்ள வெச்சிருவாங்க."

மெர்லுக்கு அந்த அரிப்பு இப்போது வாய்க்கே வந்துவிட்டது. "உளறமாட்டேன். ஒண்ணு மட்டும் சொல்லு. இத்தன வருஷம் நான் சொன்னபடிதான் போட்டியா?"

அயோனா கடிதத்தை மேசையில் வைத்தாள். "இதக் கேக்க இவ்வளவு வருஷம் ஆச்சா உனக்கு?" என்று சொல்லிவிட்டு எழுந்து கோழிக் கூண்டுக்குப் போய்விட்டாள். கோழிக்கு அன்று இரண்டாவது தடவை தீனி கிடைத்தது.

வியாழக்கிழமை மெர்ல் தேர்தல் அலுவலகத்துக்குப் போனார். அங்கே எழுத்தராக இருக்கும் ரோவீனா அவருக்குச் சின்ன வயதிலிருந்து தெரிந்த பெண். பழைய கார்டை எடுத்து மேசையில் வைத்தாள். 'மெர்ல் கேட்லின்' என்று முத்து முத்தாக, சுழி சுழியாக, மளிகைப் பட்டியலில் நாள் தவறாமல் பார்க்கிற அதே எழுத்து. மெர்ல் குனிந்து வெகுநேரம் பார்த்தார். அவர் பேரை அவர் அவ்வளவு அழகாக எழுதிப் பார்த்ததே இல்லை.

"இது வந்து, ரோவீனா..."

"அண்ணே, நில்லுங்க." ரோவீனா கையை உயர்த்தினாள். "நான் கேக்கிறது ஒரே கேள்வி. உறையில இருக்கிறது உங்க கையெழுத்தா?"

"ஆமா."

"அப்ப இந்தப் படிவத்துல கையெழுத்துப் போடுங்க. இனிமே இதுதான் உங்க கையெழுத்துன்னு பதிஞ்சுக்கிறேன். பழைய கார்டப் பத்தி நான் கேக்கல. கேக்காததுக்குப் பதில் சொல்லாதீங்க."

மெர்ல் தலையாட்டினார். பேனாவை எடுத்தார், வைத்தார். "எட்டு வருஷத்துக்கு முன்னால நான் போட்ட ஓட்டு, யாருக்குப் போட்டேன்னு பாக்க முடியுமா?"

ரோவீனா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "உங்களுக்கே தெரியாதா?"

"மறந்துபோச்சு."

"உறையிலேருந்து சீட்ட எடுத்த நிமிஷத்துலேருந்து அது யாரோடதுன்னு கடவுளுக்குத்தான் தெரியும் அண்ணே. எனக்கும் தெரியாது, கவர்னருக்கும் தெரியாது."

கடவுளைத் தவிர அது தெரிந்த இன்னொரு ஆள் தன் வீட்டுச் சமையலறையில் இருக்கிறாள் என்று மெர்லுக்குத் தோன்றியது. படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்று கிளம்பிவிட்டார்.

வீட்டில் அயோனா கோபம் தணியாமல் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள். மெர்ல் படிவத்தை விரித்து வைத்தார்.

"கையெழுத்துப் போடலியா?"

"தெரிஞ்சுக்கிட்டுப் போடுறேன். எனக்குக் கோவம் இல்ல அயோனா. உன் தம்பிக்குத்தான் போட்டேன்னு சொல்லு, அதுக்கும் ஒண்ணும் சொல்லமாட்டேன். ஆனா நான் இத்தன வருஷம் யாரா இருந்தேன்னு எனக்குத் தெரியணும்."

அயோனா துணியைப் பிடித்தபடி நின்றாள். "உன் பேர எழுதி, நீ சொன்னத நிரப்பினா அது எழுத்து வேலை. உன் பேர எழுதி, என் இஷ்டத்த நிரப்பினா அது திருட்டு. நான் எழுத்து வேலைதான் பாத்தேன். ஒரு தடவகூட மாத்தினதில்ல."

"எல்லாத் தடவையுமா?"

"எல்லாத் தடவையும்."

"ஸ்பென்சர் நின்ன அந்தத் தடவையுமா?"

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "அந்தத் தடவையும்தான். என் சீட்டுல டுவைட். உன் சீட்டுல ஸ்பென்சர். பேனாவ வெச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் உக்காந்திருந்தேன் தெரியுமா? நீ அந்தத் தொட்டியில சோப்பு எங்கேன்னு கேட்டுக்கிட்டு நின்னே. மாத்திப் போட்டா உனக்குத் தெரியவா போகுது? ஆனா நீ என்னய நம்பி முதுகத் திருப்பிக்கிட்டு நின்னியே, அதான் முடியல. போட்டேன். ஒரே ஓட்டுல தோத்தான். என் கூடப் பொறந்தவன, என் கையால." மூச்சு வாங்கிக்கொண்டாள். "எட்டு வருஷமா அவன் இந்த மேசையில உக்காந்து எவன் எவன்னு கேக்குறான். நான் அவனுக்குக் குழம்பு ஊத்துறேன்."

 சீட்டை எப்படி நிரப்பினாள் என்ற ஆவலில் வந்த மெர்ல், அது அவளுக்கு எவ்வளவு பாரமாக இருந்திருக்கும் என்று யோசித்ததே இல்லை. டுவைட் தேடிக்கொண்டிருக்கும் அந்த ஒருத்தர் தான்தான் என்பதும் அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது அவருக்கு. நாற்பத்து மூன்று வருஷம் கூட வாழ்ந்தவளை ஆர்லோவின் ஒரு பேச்சுக்குச் சந்தேகப்பட்டுவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

படிவத்தை மடிக்கப் போனார். "இது வேண்டாம். இப்ப அவன் ரெண்டு ஓட்டுதான் முன்னால நிக்கிறான். இந்த ஒரு ஓட்டு போகட்டும்."

அயோனா சட்டென்று படிவத்தைப் பிடுங்கி மேசையில் அடித்து வைத்தாள். "யோவ்! அன்னைக்கு நான் வயித்தெரிச்சலோட உன் ஓட்ட ஒழுங்காப் போட்டேன். இன்னைக்கு நீ அதக் குப்பையில போடுவியா? போடு கையெழுத்த!"

போட்டார். அதே பெரிய 'எம்', அதே முள்கம்பி வேலி. வெள்ளிக்கிழமை காலையில் அயோனாவே வண்டியை ஓட்டிக்கொண்டு போய், டுவைட் பேர் எழுதிய பலகையைத் தாண்டி, தம்பிக்கு எதிரான அந்த ஓட்டைச் செல்ல வைக்கும் படிவத்தை ரோவீனாவிடம் சேர்த்துவிட்டு வந்தாள். 

ஐந்து பேரில் மூன்று பேர் வந்து சரிசெய்தார்கள். எண்ணி முடித்தபோது டுவைட் மூன்று ஓட்டில் ஜெயித்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வந்தான். தலை கால் புரியவில்லை அவனுக்கு. அயோனா மாட்டிறைச்சியை அடுப்பில் பதமாக வேக வைத்து, தோட்டத்தில் விளைந்த ருபார்ப் என்ற புளிப்புத் தண்டை மாவுக்குள் வைத்து இனிப்புப் பலகாரமும் சுட்டிருந்தாள். அக்காவைக் கட்டிப்பிடித்தான், அத்தானின் முதுகில் தட்டினான். முதல் தட்டு காலியாவதற்குள் பேச்சு வழக்கமான இடத்துக்கே வந்து சேர்ந்தது.

"ஜெயிச்சாலும் மனசு ஆறல அக்கா. அந்த ஒருத்தன் யாருன்னு தெரியாம நான் சாகமாட்டேன். எவனா இருக்கும்? நீயே சொல்லு."

குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த அயோனாவின் கை நின்றது. கரண்டியிலிருந்து மேசைவிரிப்பில் சொட்டியது. மெர்ல் அதைப் பார்த்தார். எட்டு வருஷமாக இது கண்ணெதிரே நடந்திருக்கிறது, உருளைக்கிழங்கு தின்றுகொண்டு தான் கவனிக்கவே இல்லை என்று புரிந்தது.

"நான்தான்" என்றார்.

"என்ன நான்தான்?"

"ஸ்பென்சருக்குப் போட்டது நான்தான். என் கையால நிரப்பி, என் கையால கையெழுத்துப் போட்டேன். உங்கக்காவுக்குத் தெரியாது."

டுவைட் முதலில் சிரித்தான். "சும்மா இருங்க அத்தான். நீங்க பேனா பிடிச்சு நான் பாத்ததே இல்ல."

"அன்னைக்குப் பிடிச்சேன். உனக்கு ரோடு பத்தி ஒண்ணும் தெரியாதுன்னு பிடிச்சேன். இந்தத் தடவையும் உனக்குப் போடல மச்சான். அந்தப் பாலத்த நீ கட்டினா அடுத்த தடவை போடுறேன்."

டுவைட்டின் முகம் சிவந்தது. அக்காவைப் பார்த்தான். அவள் குழம்புக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வாயைத் துடைத்துவிட்டு எழுந்தான், தொப்பியை எடுத்தான். "சாப்பாடு நல்லா இருந்துச்சு அக்கா" என்றான். மெர்ல் பக்கம் திரும்பவே இல்லை. இனிப்புப் பலகாரம் வெட்டாமல் கிடந்தது. வண்டி கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.

அயோனா அழ ஆரம்பித்தாள். விசும்பல் இல்லை, வாய்விட்டு அழுகை. மெர்லுக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தட்டுகளை எடுத்து அடுக்கினார், திரும்பக் கீழே வைத்தார்.

"எதுக்குய்யா பொய் சொன்னே?"

"எது பொய்? என் ஓட்டுத்தானே அது."

"இனிமே என் தம்பி உன்கிட்ட பேசவே மாட்டான், மெர்ல்."

"தெரியும்" என்றார் அவர். "உன்கிட்ட பேசுவான்ல."